புழு வீட்டுச் சுவரில் ஒரு ஸ்க்ரூடிரைவர்

அன்றைக்குச் சாயந்தரம் பட்டுப்புழு ஷெட்டின் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்க்ரூடிரைவர். அதன் முனை ஜன்னல் கட்டையில், பிடி என் காதில். கண்ணை வேறு மூடியிருந்தேன்.

பக்கத்துக் கொல்லைக்கார முனியம்மா அக்கா, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனவர், நின்றுவிட்டார்.

“என்னா தம்பி, செவுத்துக்கும் இன்ஜின் போட்டுட்டியா?”

“இல்லக்கா, சும்மா கேக்கறன்.”

“செவுரு என்னா சொல்லுது?”

“இன்னும் ஒன்னும் சொல்லல.”

“கட்டனவளே பேச மாட்டன்னுட்டா. செவுரு எங்க பேசப் போவுது!”

ஆடுகள் போயின, அவரும் போனார். மத்தியானம் என் வீட்டில் நடந்தது அதற்குள் ஆட்டுக்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சேலத்திலிருந்து எனக்கு வரவேண்டிய பேரிங் பார்சல்தான் ஒரு வாரமாக வந்துகொண்டே இருந்தது.

கிண்டலாகச் சொன்னாலும் நிலைமை அதுதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி மல்லிகா வளர்க்கும் புழுக்கள். இந்தப் பக்கம் நானும், இரும்பைக் கடையும் என் லேத்து மிஷினின் தலையெழுத்தும். புழு பிழைத்தால் லேத்தும் பிழைக்கும். இல்லாவிட்டால் லேத்து பழைய இரும்புக் கடைக்குப் போகும். அந்தத் தீர்ப்பைத்தான் சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது என்னா திங்கும்?

போன வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதிய, லேத்து வந்து இறங்கிய கதையைப் படித்துவிட்டு, ‘இதற்கெல்லாம் உங்கள் மனைவி என்ன சொன்னார்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சொன்னாள். தாராளமாகச் சொன்னாள்.

தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவன், அதியமான்கோட்டைப் பக்கம் இருக்கிற தன் வீட்டுக்கு, பழைய வண்டி ரிப்பேர் செய்யப்போகிறேன் என்று தக்காளி லாரியில் ஒரு பழைய லேத்தை ஏற்றிக்கொண்டு வந்தால் ஊர் கூடத்தான் செய்யும். “கரும்பு ஜூஸ் மிஷினுங்களா?” என்றார் ஒருவர். இல்லை என்றதும் அவர் முகம் வாடியதைப் பார்த்து, ஒரு கரும்பையாவது உள்ளே விட்டுக் காட்டலாமா என்று இருந்தது எனக்கு.

மல்லிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இது என்னா திங்கும்?”

“கரண்ட்டு.”

“என் புழு தழை திங்கும், கூடு குடுக்கும். இது கரண்ட்ட தின்னுட்டு என்னா குடுக்கும்?”

சத்தம் கொடுக்கும் என்பதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

டிக்கெட் கிழித்த காலத்தில் நான் சேர்த்த சொத்து, ஜனங்கள் வாயிலிருந்து விழுந்த வார்த்தைகள்தான். பென்னாகரம் ரூட்டில் ஒரு பெரியவர் ஏறி, “நான் எறங்கற எடம் வந்தா சொல்லு” என்றார். எங்கே இறங்கணும் என்று கேட்டேன். “அது தெரிஞ்சா உன்ன எதுக்குக் கேக்கறன்?” என்று என்னையே முறைத்தார். இன்னொருவர், சில்லறை இல்லையென்றால் இறக்கிவிடுவேன் என்று நான் மிரட்டியதற்கு, “எறக்கி விடு, என் வூடு இங்கதான்” என்று இறங்கிப் போனார். இப்படி எத்தனையோ. அதையெல்லாம் மனசில் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கிறேன். மல்லிகா சொன்னவற்றுக்கு மட்டும் தனி ரூம் கட்ட வேண்டும்.

டீசலா, கிரீஸா?

பட்டுப்புழு வளர்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் புழு ராஜா வீட்டுப் பிள்ளை. ஊதுபத்தி ஆகாது, சென்ட் ஆகாது, மிளகாய் வதக்கினால் ஆகாது, பீடிப் புகை ஆகவே ஆகாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் பிழைப்பில் எந்தெந்த வாசனை உண்டோ, அத்தனையும் அதற்கு விஷம். கடவுள் யோசித்துத்தான் எங்கள் இருவருக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் ‘புழு வூட்ல இருக்குது’ என்று சொன்னால் போதும், சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட மதில்மேல் வைத்துவிட்டு ரோட்டிலிருந்தே கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் ஏறக்குறைய அந்தச் சொந்தக்காரர்கள் மாதிரிதான். கேட்டுக்குள் கால் வைக்கும்போதே மல்லிகாவின் சத்தம் வரும்.

“டீசலா, கிரீஸா?”

“கிரீஸ்தான்.”

“அங்கயே நில்லுங்க.”

துண்டும் துணிச் சோப்பும் பறந்து வரும். வாசனைச் சோப்புக்கும் தடை.

லேத்து வைக்க அவள் ஷெட்டின் மேற்குக் கடைசியை எனக்குத் தடுத்துக் கொடுத்தபோதே எங்களுக்குள் ஒப்பந்தம். ரேக்கில் புழு இருக்கும் நாட்களில் கடைசல், அராவுதல், அளவு பார்த்தல் மட்டும். பெட்ரோலில் பாகம் கழுவுவதும் இன்ஜின் கிளப்புவதும் புழு கூடு கட்டி, அந்தக் கூடு இறங்கிய பிறகு. அவசரமென்றால் வண்டியை ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அவள் கறாராக இருந்ததில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தின தடவை வளர்த்த புழு அத்தனையும் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். காற்றில் வந்து தழையில் படிந்தது யாருக்கும் தெரியவில்லை. கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வாரத்தில் புழுக்கள் தழை தின்னும் சத்தம், கூரையில் தூறல் போடுவதுபோல இடைவிடாமல் கேட்கும். அந்தச் சத்தம் ஒரு மத்தியானம் நின்றுபோனது. மல்லிகா அழவில்லை, யாரையும் திட்டவில்லை. கூடை கூடையாக அள்ளிக் குழியில் போட்டுவிட்டு, ரேக்கையெல்லாம் கழுவிக் காயவைத்தாள். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் தக்காளி கிடையாது.

புது முட்டை பொரிந்து புழு வந்த அன்றைக்குச் சொன்னாள்.

“இன்னொரு தடவ பாக்கறன். இதுவும் போச்சுன்னா செடியப் புடுங்கிட்டு கம்பெனி வேலைக்குப் போறன். மருந்து அடிச்சவன நான் ஒன்னும் பண்ண முடியாது. உங்களால போச்சுன்னா, உங்கள பண்ண முடியும்.”

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. லேத்தைப் பார்த்தாள்.

தக்காளி வேகம்

இப்போது தீர்த்தகிரி உள்ளே வரலாம். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். என்னை அண்ணா என்பார். தங்கமான மனுஷன். தக்காளிகூட மூன்று நாள் தாங்கும், இவருடைய பொறுமை மதியம் தாண்டாது.

இவரிடம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். உதைக்கிற கிக்கரையே முன்னால் மடக்கினால் அதுதான் கியர். அப்படி ஒரு சிக்கனத்தை அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் யோசிக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் கோழி அடைந்த கோலத்தில் இருந்ததை, தக்காளி கிரேட்டுகளில் பாகம் பாகமாகப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். சிலிண்டருக்குள் எலி குடித்தனம் நடத்திய அடையாளம் இருந்தது. முன்பு அதை ஓட்டியவர்களைவிட எலி நன்றாகத்தான் பராமரித்திருந்தது.

வண்டி மேல் அவருக்கு இத்தனை ஆசை வரக் காரணம், பென்னாகரத்தில் இருக்கும் அவருடைய மச்சான். அவர் அங்கே புது வீடு கட்டி முடிக்கும் சமயம். இந்த வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தபோது நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்:

“அது மட்டும் கெளம்பி வந்துச்சுன்னா, நான் என் புது வூட்டுக்குள்ள வாசல்ல போவல மாமா. ஜன்னல்ல ஏறிப் போறன்.”

அன்றிலிருந்து தீர்த்தகிரிக்குத் தூக்கமில்லை. மச்சான் ஜன்னலில் ஏறும் காட்சிக்காக அவர் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. சிலிண்டரை லேத்தில் பிடித்துக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, கனெக்டிங் ராடுக்கு கன் மெட்டலில் புஷ் என்கிற உள்வளையம் செய்து, பார்க்கிறவர் கண் படும்படி பூட்டினேன். அழகாக இருந்தது. கிளம்பத்தான் இல்லை.

ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போய் நாங்கள் இருவரும் மாறி மாறி உதைத்தோம். ஒரு இருமல்கூட இல்லை. மாடு மேய்க்க வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். “அண்ணா, ஒதைக்கறத விட்டுட்டு அத கெஞ்சிப் பாருங்க” என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் அதையும் ரகசியமாகச் செய்து பார்த்தேன்.

பிறகுதான் கோளாறு பிடிபட்டது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அடிவயிறு காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். கிராங்க் ஓரத்து சீல் உட்காரும் இடம் தேய்ந்து, அந்த வழியாக மூச்சு போய்க்கொண்டிருந்தது. பித்தளையில் ஒரு வளையம் கடைந்து இறக்கி, புது சீல் அடித்துப் பூட்டினேன். இந்தத் தடவை கிளம்பும் என்று எனக்கு உள்ளூரத் தெரிந்தது. ஆனால் அதற்குள் மல்லிகாவின் புழுக்கள் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டன.

“கூடு எறங்கட்டும், ஏரிக்குத் தள்ளிட்டுப் போலாம்” என்றேன்.

“அதுக்குள்ள கிரகப்பிரவேசம் முடிஞ்சிரும்ணா! இப்பவே தள்ளிட்டுப் போலாமே?”

“பேரிங் பார்சல் வரட்டும். ஏரிக்குத் தள்ளனதுல பழைய பேரிங் போயி, முன்சக்கரத்தக் கழட்டி வெச்சிருக்கறன்.”

“சக்கரம் எதுக்குங்கண்ணா? இன்ஜின் கெளம்புதான்னு பாக்கத்தான?”

தக்காளி வியாபாரிக்கு எல்லாமே அழுகிவிடும் என்ற பயம். இரும்பைப் பார்த்தாலும் அதே பயம்தான்.

ஒரே ஒரு உதை

மறுநாள் மத்தியான வெயிலில் தீர்த்தகிரி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். மல்லிகா ஷெட் வாசலில் நின்றிருந்தாள்.

“இன்ஜின ஒரு தடவ பாத்துட்டுப் போறன் அண்ணி. தொட மாட்டன்.”

“பாருங்க. பாக்கறதுக்கு ஒன்னும் இல்ல.”

அவர் என் பக்கம் திரும்பி, “அண்ணா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க, நாக்கு வறண்டு போச்சு” என்றார். நான் வீட்டுக்குள் போய்ச் சொம்பில் மொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது வண்டி ஸ்டாண்டில், தீர்த்தகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிக்கர்மேல் கால் வைத்திருந்தார்.

“கம்ப்ரஷன் எப்டி இருக்குதுன்னு ஒரே ஒரு ஒதைண்ணா. பெட்ரோல்தான் இல்லியே.”

டேங்க் காய்ந்து கிடக்கிறது, பேட்டரி வயர் கழற்றிக் கிடக்கிறது என்ற நம்பிக்கையில் நானும் சொன்னேன்: “ஒன்னே ஒன்னு.”

ஏரியில் இரண்டு பேர் இடுப்பு ஒடிய உதைத்தும் அசையாத இன்ஜின், கிளம்பவே கூடாத இடத்தில், கிளம்பவே கூடாத நேரத்தில், அந்த ஒரே உதையில் கிளம்பியது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தம் அருமையாக இருந்தது. செம்புக் குடத்தில் விரலால் தட்டுவதுபோல, சீராக, ஒரு பிசிறு இல்லாமல். நான் சொம்பைப் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டு நின்றேன். தீர்த்தகிரி கண்ணில் தண்ணீர்.

அப்புறம் புகை வந்தது. பூட்டும்போது சிலிண்டர் முழுக்க நான் தடவியிருந்த எண்ணெய் அத்தனையும் எரிந்து, இரண்டு சைலன்சரிலும் வெள்ளை வெளேரென்று வந்தது. ஷெட்டின் தடுப்புச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி உண்டு. புகைக்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை.

“நிறுத்து! நிறுத்துப்பா!”

“எதுல நிறுத்தறதுங்கண்ணா?”

நல்ல கேள்வி. சாவி போடும் சுவிட்ச் இன்னும் மாட்டவில்லை. கையில் கிடைத்த வயரைப் பிடுங்கினேன். அது ஹாரன் வயர். கடைசியில் பிளக் மூடியைப் பிடுங்கினேன். முழங்கை வரைக்கும் ஷாக் அடித்து, சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் சொம்பு எடுக்கப் போன நேரத்தில் தீர்த்தகிரி மாட்டிவிட்டிருந்த பேட்டரி வயரைக் கழற்றியிருக்கலாம் என்ற ஞானம் தரையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

சத்தம் நின்றது. புகைக்கு நடுவில் மல்லிகா நின்றிருந்தாள்.

“தம்பி, அந்த பாட்டில்ல இருந்த தண்ணி எங்க?”

“தீந்து போச்சு அண்ணி.”

“யாரு குடிச்சாங்க? நீங்களா, வண்டியா?”

தீர்த்தகிரி பெட்ரோல் வாசனை அடித்த காலி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: “சாயந்தரம் தழை போடுவன். தின்னுச்சுன்னா நீங்க தப்பிச்சீங்க. திங்கலன்னா பழைய இரும்புக்காரரு நம்பரு எங்கிட்ட இருக்குது.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளை வேட்டிக்கு விடுமுறை

சாயந்தரத் தழையை வெட்டுவது யார் என்ற பேச்சே எழவில்லை. நாங்கள் இருவரும் துணிச் சோப்புப் போட்டு, தோல் உரியும் அளவுக்குக் குளித்தோம். தீர்த்தகிரி என் லுங்கியைக் கட்டிக்கொண்டு மல்பெரித் தோட்டத்தில் இறங்கினார். பாலக்கோட்டில் நாலு லாரியை நிற்க வைத்துக் குரல் கொடுக்கிறவர், அரிவாளோடு குனிந்து நின்ற அழகை மண்டிக்காரர்கள் பார்த்திருக்க வேண்டும்.

“இத்தன கட்டும் ஒரு வேளைக்காண்ணா?”

“ஆமா.”

“இந்த சைசுக்கு இந்தத் தீனியா? நம்ம மச்சான விட மோசமா இருக்குதே.”

அவருடைய போன் அடித்தது. சாட்சாத் அந்த மச்சானேதான்.

“என்னாங்க மாமா, வண்டி ரெடியா? ஜன்னல் பக்கம் ஸ்டூல் போட்டு வெக்கட்டுமா?”

“இப்ப பேச முடியாது. புழுவுக்குத் தழை வெட்டிட்டு இருக்கறன்.”

“மாமா, மத்தியானத்துலயே ஊத்திக்கிட்டீங்களா?” என்றது போன்.

கட்டுகளைச் சுமந்து வந்து வாசலில் இறக்கினோம். மல்லிகா கதவை ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்து, ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டாள். எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு தழையைக் கிள்ளி மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே வைத்தாள். அதுவரைக்கும் என் லேத்துக்காகப் பயந்துகொண்டிருந்தவன், அதைப் பார்த்த பிறகு லேத்தை மறந்துவிட்டேன். போனால் போகட்டும் இரும்பு, புழு தின்னட்டும் என்று இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

சுவர் பேசியது

இப்போது ஸ்க்ரூடிரைவருக்கு வருவோம். இன்ஜினுக்குள் எந்த பேரிங் முனகுகிறது, எது சும்மா நடிக்கிறது என்று பார்க்க, மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். பஸ்ஸில் இருந்த காலத்தில் பார்த்துப் பழகியது. உள்ளே நுழைய அனுமதி இல்லாதவனுக்கு அதைவிட நல்ல உபகரணம் கிடையாது.

புழு ரேக்கின் கம்பங்கள் ஜன்னல் கட்டையோடு சேர்த்து அடித்தவை. அங்கே ஊன்றினேன்.

முதலில் ஹைவே கேட்டது. லாரிகள் தரை வழியாக வந்து காதுக்குள் ஓடின. அதற்கப்புறம் என் இதயமே கேட்டது, டைமிங் சரியில்லை. அப்போதுதான் முனியம்மா அக்கா வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

“கேக்குதாண்ணா?” என்றார் தீர்த்தகிரி.

“மூச்சு விடாம நில்லுப்பா.”

பாவம், உண்மையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே மல்லிகா நடப்பது கேட்டது. தழையை உதறிப் பரப்புவது கேட்டது. பிறகு அவளும் நின்றுவிட்டாள். மூன்று பேரும் ஒரே சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. வெயில் மதிலைவிட்டு இறங்கியது. தீர்த்தகிரி முகம் சிவந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

அந்த மூச்சோடு சேர்ந்து ஏதோ ஒன்று சொட்டியது. எங்கோ ஒரு மூலையில், ஒரே ஒரு துளி. இன்னொன்று. பிறகு ரேக்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் அது பரவிக்கொண்டே வந்தது. தூறல் வலுத்து, என் காதுக்குள் நல்ல மழை பிடித்தது.

நான் பேசாமல் ஸ்க்ரூடிரைவரைத் தீர்த்தகிரி காதில் வைத்தேன். கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

“அண்ணா, இது நம்ம வண்டிய விட ஸ்மூத்தா ஓடுதே!”

மல்லிகா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. புகை என்று வைத்துக்கொள்வோம்.

“தின்னுது” என்றாள்.

“கேட்டுச்சு” என்றேன்.

“சாக்கு தடுத்துச்சு. இவரு வந்து நின்னதுமே தடுப்புக்கு மேல ஈரச் சாக்கு தொங்க வுட்டுட்டன்.”

“ஏன்?”

“கையில தண்ணி பாட்டில வெச்சிக்கிட்டு ஒருத்தரு நாக்கு வறண்டு போச்சுன்னு தண்ணி கேக்கறாரு. நீங்களும் சொம்பு எடுக்க ஓடறீங்க.”

தீர்த்தகிரி கட்டியிருந்த லுங்கியை ஆராய்ந்தார்.

“அப்ப புழுவுக்கு ஒன்னும் ஆவாதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா?”

“பாதி நம்பிக்கைதான். மீதிப் பாதிக்கு நான் மட்டும் ஏன் தனியா பயப்படணும்? அதான் உங்களையும் நிக்க வெச்சன்.” என் கையிலிருந்ததைப் பார்த்தாள். “குடுங்க, இதுல அப்படி என்னா கேக்குது?”

உள்ளே நின்று காது நிறையக் கேட்டுவிட்டு வந்தவள், வெளியே நின்று இன்னொரு தடவை கேட்டாள்.

கூடு நன்றாகவே இறங்கியது. தீர்த்தகிரி கிரகப்பிரவேசத்துக்கு, குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போனார். பிறகு ஒரு நாள் வண்டியையும் ஓட்டிக்கொண்டுபோய் மச்சான் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்காமல் ஆக்சிலரேட்டரை முறுக்கியிருக்கிறார். மச்சான் வெளியே வந்து பார்த்துவிட்டு, “இனிமே எப்படி மாமா? ஜன்னலுக்கெல்லாம் கம்பி வெச்சாச்சே” என்று காபி கொடுத்தாராம்.

லேத்து அதே இடத்தில்தான் இருக்கிறது. தடுப்புச் சுவர் மட்டும் கூரையைத் தொடும்வரை உயர்ந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இல்லை. அது இப்போது புழு ஷெட்டின் வெளிச் சுவரில், ஒரு ஆணியில் தொங்குகிறது. கதவைத் திறக்காமலேயே புழு தின்கிறதா என்று கேட்டுப் பார்க்க மல்லிகாவுக்கு வசதியாக இருக்கிறதாம்.

ஏதாவது இன்ஜினுக்குக் காது கொடுக்க வேண்டுமென்றால், நான் கேட்டில் நின்று இரவல் கேட்க வேண்டியிருக்கிறது.

“டீசலா, கிரீஸா?” என்கிறாள்.